தகிட தகிட தக: ஜமைக்காவில் கிளம்பிய தாளம்

"அண்ணே, இந்த பீட்டு மட்டும் எல்லாப் பாட்டுலயும் வருதே, யாருது இது?" என்று கேட்டான் பெஞ்சில் பக்கத்தில் இருந்த தம்பி. தண்டலத்தில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய டீக்கடை. ஷிஃப்டுக்கு ஆள் ஏற்ற வந்த கம்பெனி பஸ் ஒன்று 'டெஸ்பசிட்டோ'வை அலறவிட்டுக்கொண்டு நின்றது. அதற்கு முன்னால் போன பஸ்ஸில் எட் ஷீரனின் 'ஷேப் ஆஃப் யூ'. இரண்டுமே 2017இல் வந்தவை. ஒன்று ஸ்பானிஷ், ஒன்று ஆங்கிலம். தம்பி இரண்டுக்கும் ஒரே மாதிரி கால் ஆட்டிக்கொண்டிருந்தான். காது நல்ல காது.

பதில் கொஞ்சம் நீளம் என்பதால் இன்னொரு டீ சொன்னேன்.

முதலில் எண்ணிக்கை. மேசையில் எட்டு தட்டு தட்டிப் பாருங்கள். அதை நான்கு நான்காகப் பிரித்தால் ராணுவ நடை. மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து, 'தகிட தகிட தக' என்று சொல்லிக்கொண்டே தட்டினால் இடுப்பு தானாக அசையும். இப்போது ஒன்றாவது தட்டிலும் ஐந்தாவது தட்டிலும் பெரிய டிரம்மின் கனத்த அடி விழட்டும். நான்காவதிலும் ஏழாவதிலும் சுள்ளென்று ஒரு சின்ன அடி. கனத்த அடி நேராக நடக்கிறது. சின்ன அடி அதன் மேல் கோணலாக விழுகிறது. இந்தக் கோணல்தான் எல்லாம். தம்பி பெஞ்சுப் பலகையில் ஒருமுறை தட்டிப் பார்த்து, "ஆமாண்ணே, இதான்" என்றான்.

மூன்று மூன்று இரண்டு என்ற பிரிப்பு உலகத்தில் பல இடங்களில் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு அது கரீபியன் தீவுகள் முழுக்கப் பரவியது; கியூபா இசையில் நூறு வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. ஆனால் அதை டிரம் மெஷினில் ஏற்றி, இன்றைக்கு பஸ்ஸில் கேட்கிற உருவத்துக்குச் செதுக்கியவர்கள் ஜமைக்காக்காரர்கள். அந்த இசைக்கு டான்ஸ்ஹால் என்று பெயர்.

ஜமைக்கா என்றதும் நம் ஆட்களுக்கு பாப் மார்லிதான் நினைவுக்கு வருவார். அவருடையது ரெகே: பேண்ட் வைத்து வாசிப்பது, நிதானமாக நடப்பது, முதல் தட்டைக் காலியாக விட்டு மூன்றாவதில் அடி போடுவது. மார்லி 1981இல் இறந்தார். அந்தக் காலகட்டத்தில்தான் டான்ஸ்ஹால் தனி வகையாக எழுந்தது. ரெகேயின் மகன் என்று சொல்லலாம். அப்பாவை எதிர்த்துப் பேசுகிற மகன். அப்பா விடுதலையையும் கடவுளையும் பாடினார். மகன் தெருவை, பெண்களை, துப்பாக்கியை, புதிதாக வந்த டான்ஸ் ஸ்டெப்பைப் பாடினான்.

இதன் வேர் 1950களின் கிங்ஸ்டன் நகரத்துச் சேரிகள். பேண்ட் வாசிக்கும் கிளப்புக்குள் நுழைய ஏழைகளிடம் காசு கிடையாது. ஆள் உயர ஸ்பீக்கர்களையும் ஆம்ப்ளிஃபயரையும் ரெக்கார்டு பிளேயரையும் வெட்டவெளியில் அடுக்கி, சின்ன நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு விடிய விடியப் பாட்டுப் போட்டார்கள். இதற்கு சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். டியூக் ரீட், காக்ஸன் டாட் போன்ற சவுண்ட் சிஸ்டம் முதலாளிகள் பிறகு தாங்களே பாட்டுகளைப் பதிவு செய்யவும் தொடங்கினார்கள். அப்படி வெளிவந்த ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் பாட்டு. மறுபக்கத்தில் பாடகரின் குரலை எடுத்துவிட்டு வெறும் தாளமும் பேஸும். அந்த மறுபக்கத்தைப் போட்டுவிட்டு, ஒருவர் மைக் பிடித்து அதன் மேல் எதுகை மோனையாகப் பேசுவார், பாதி பாடுவார். 1970இல் யூ ராய் என்பவர் அப்படிப் பேசியதை ரெக்கார்டாகவே வெளியிட்டபோது, ஜமைக்கா ரேடியோவில் பாடகர்களின் பாட்டுகளை அது பின்னுக்குத் தள்ளியது. அமெரிக்காவில் ராப் இசை பிறப்பதற்கு முந்தைய காலம் அது.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குரல் வேறு, தாளம் வேறு என்று அங்கே பிரித்துவிட்டார்கள். தாளமும் பேஸும் சேர்ந்த அந்த அடித்தளத்துக்கு 'ரிட்டிம்' என்று பெயர். ஒரு ரிட்டிமுக்குச் சொந்தமாகப் பெயர் உண்டு. அதன் மேல் இருபது பேர், ஐம்பது பேர் தனித்தனிப் பாட்டுப் பாடுவார்கள்.

"அது காப்பி இல்லையாண்ணே?"

உங்கள் ஒரகடத்திலேயே உதாரணம் இருக்கிறது தம்பி. ரெனோ டஸ்டரும் நிஸான் டெரானோவும் ஒரே ஆலையில், ஒரே பிளாட்ஃபார்மில் உருவான வண்டிகள். மேலே மூஞ்சி வேறு, பேட்ஜ் வேறு, விலை வேறு. அதை யாரும் காப்பி என்று சொல்லவில்லை. ரிட்டிம் என்பது அந்த பிளாட்ஃபார்ம்.

பிளாட்ஃபார்ம் என்றால் அதை ஒருவர் செய்திருக்க வேண்டுமல்லவா? இந்தச் சாலையில் இருக்கிறவர்களுக்குப் பிடிக்கும் கதை ஒன்று இருக்கிறது. சுங்குவார்சத்திரம் பக்கம் போன் அசெம்பிள் செய்கிற பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஜப்பானின் காசியோ நிறுவனம் 1981இல் எம்டி-40 என்று ஒரு சின்ன கீபோர்டை விற்பனைக்கு விட்டது. வீட்டில் பிள்ளைகள் வாசித்துப் பழகுகிற விலையில் இருந்த சாமான். பட்டனை அழுத்தினால் தானாக ஓடும் சில தாளங்கள் அதில் இருந்தன. அவற்றில் 'ராக்' என்று எழுதியிருந்ததை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்ற இளம்பெண். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். இசைக் கல்லூரியில் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டிருந்த பொருள் ரெகே.

அந்தக் கீபோர்டுகளில் ஒன்று கிங்ஸ்டன் போய்ச் சேர்ந்தது. வெய்ன் ஸ்மித் என்ற பாடகரும் நோயல் டேவி என்ற நண்பரும் அந்த 'ராக்' பட்டனை அழுத்திப் பார்த்தார்கள். கிங் ஜாம்மி என்ற தயாரிப்பாளர் அதன் வேகத்தைக் குறைத்து, மேலே கொஞ்சம் சேர்த்தார். 1985இல் 'அண்டர் மீ ஸ்லெங் டெங்' பிறந்தது. அதே ரிட்டிமில் அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்துவிட்டன. பேண்டுக்கும் பெரிய ஸ்டூடியோவுக்கும் காசில்லாதவன்கூட இனி பாட்டுப் போடலாம் என்றானது. அதே நாளில், ஸ்டூடியோவில் டிரம்மும் பேஸும் வாசித்துப் பிழைத்தவர்களில் பலருக்கு வேலை குறைந்தது. மெஷின் வந்தால் இரண்டும் சேர்ந்தேதான் வரும். இதை நான் தண்டலத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இனி அது எப்படி உலக பாப்புக்குள் நுழைந்தது என்று பார்க்கலாம்.

முதலில் நுழைந்தவர்கள் ஷாபா ராங்க்ஸ், ஷாகி போன்றவர்கள். ஷாகி கிங்ஸ்டனில் பிறந்து வளர்ந்து, பிறகு நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர். அமெரிக்க மரைன் படையில் இருந்து வளைகுடாப் போருக்குப் போய்வந்தவர். 1993இல் அவருடைய 'ஓ கரோலினா' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அது 1960இல் ஃபோக்ஸ் பிரதர்ஸ் பாடிய பழைய ஜமைக்கா பாட்டின் புது வடிவம். தாத்தா காலத்துப் பாட்டுக்குப் புதுச் சட்டை போட்டால் எடுபடும் என்பதை நம் சினிமாக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் கதவை அகலத் திறந்த வருடம் 2003. திறந்த ரிட்டிமின் பெயர் 'தீவாளி'. ஆமாம், நம் தீபாவளிதான். ஸ்டீவன் 'லென்கி' மார்ஸ்டன் என்ற ஜமைக்காக்காரர் அமைத்த அந்தத் தாளத்தில் முன்னால் நின்று பேசுவது கைதட்டல்: கோணலாக, விட்டுவிட்டு, கூட்டமாக விழும் கைதட்டல். அதன் மேல் ஷான் பால் 'கெட் பிஸி' பாடினார். அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். வெய்ன் வொண்டர் 'நோ லெட்டிங் கோ' பாடினார், 11ஆம் இடம். நியூயார்க்கில் லூமிடி என்ற இளம்பெண் 'நெவர் லீவ் யூ' பாடினார், 3ஆம் இடம். மூன்றும் 2003இல், ஒரே தாளத்தின் மேல். அமெரிக்க ரசிகர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான். ஆடினார்கள், அவ்வளவு.

ஏன் இவ்வளவு எளிதாகப் பற்றிக்கொள்கிறது? பாட்டு விற்கிறவர்கள் 'ஆட வைக்கும் இசை' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆட வைக்காத இசை எந்த ஊரில் இருக்கிறது? என் கணிப்பில் காரணம் அதில் இருக்கும் காலி இடம். நல்ல ரிட்டிமை குரல் இல்லாமல் கேட்டுப் பாருங்கள். டிரம், பேஸ், ஓரத்தில் ஒரு சத்தம்; நடுவில் ஒன்றுமில்லை. அந்த வெற்றிடம் பாடுகிறவருக்காக விடப்பட்டது. ஸ்பானிஷ்காரர் வந்தாலும் பஞ்சாபிக்காரர் வந்தாலும் உட்கார இடம் இருக்கிறது. வேகமும் மிதமானது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 90இலிருந்து 105 தட்டு. ராப் பேசவும் முடியும், மெலடி இழுக்கவும் முடியும். ஜமைக்கா பேச்சுமொழி அமெரிக்கருக்கே பாதி புரியாது. ஆகவே புரியாமல் ரசிப்பவர்களில் தண்டலத்துக்காரர் எந்த விதத்திலும் பின்தங்கியவர் இல்லை.

எல்லாமே சுமுகமாகக் கடந்துவிடவில்லை. டான்ஸ்ஹாலில் பச்சையான ஆபாசம் உண்டு, துப்பாக்கிப் பெருமை உண்டு. ஒருபால் ஈர்ப்புள்ளவர்களைக் கொல்லச் சொல்லும் வரிகளும் இருந்தன. பூஜு பேண்டன் பாடிய அப்படியொரு பாட்டு 1992இல் உலகமெங்கும் கண்டனத்தைக் கிளப்பியது; பல வருடங்களுக்கு அவருடைய கச்சேரிகள் எதிர்ப்பில் ரத்தாகின. அந்த எதிர்ப்பு நியாயமானது. 'அது அவர்கள் பண்பாடு' என்று பூசி மெழுகுகிற பேச்சை நான் ஏற்பதில்லை; நம் கானாவிலும் சினிமாப் பாட்டிலும் பெண்ணை இழிவாகப் பேசும்போது அதே சாக்கைத்தான் சொல்கிறார்கள்.

"நம்ம பாட்டுல இது வந்திருக்காண்ணே?"

வந்திருக்கிறது, தம்பி பிறப்பதற்கு முன்பே. பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் ஜமைக்காக்காரர்களும் பஞ்சாபிகளும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். அங்கே வளர்ந்த ஸ்டீவன் கபூர் என்ற பஞ்சாபிப் பையன் ஜமைக்கா உச்சரிப்பில், நடுநடுவே பஞ்சாபி கலந்து பாடத் தொடங்கினார். வைத்துக்கொண்ட பெயர் அப்பாச்சி இந்தியன். 'வைல்ட் அப்பாச்சி' என்று பட்டம் கொண்ட டான்ஸ்ஹால் பாடகர் சூப்பர் கேட்டின் மீதிருந்த அபிமானம் அதற்குக் காரணம். அந்த சூப்பர் கேட்டோ, ஜமைக்காவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்தவர். 1845இலிருந்து 1917 வரை அப்படி ஏறத்தாழ 36,000 பேரைக் கப்பலேற்றினார்கள். ஆக, பர்மிங்ஹாம் பஞ்சாபி கிங்ஸ்டன் இந்தியரைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டார். 1993இல் அவருடைய 'பூம் ஷாக்கலாக்' பிரிட்டனில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது.

இந்த அப்பாச்சி இந்தியனை ஏ.ஆர். ரஹ்மான் தமிழுக்கு அழைத்துவந்தார். 1996 பொங்கலுக்கு வந்த, பி. வாசு இயக்கிய 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் 'நோ ப்ராப்ளம்' பாட்டு. படத்தில் பிரபுதேவா, நக்மா. படம் ஓடியதோ இல்லையோ, பாட்டு ஓடியது. எனக்கு ஒரு குறை உண்டு. அந்தப் பாட்டில் அப்பாச்சி இந்தியன் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிதான் இருக்கிறார். தமிழ்த் தாளமும் ஜமைக்காத் தாளமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

அந்தப் பேச்சை நடத்திக் காட்டியவர் மாயா என்று கூப்பிடப்படும் மாதங்கி அருள்பிரகாசம்; உலகத்துக்கு எம்.ஐ.ஏ. 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போரினால் பத்து பதினோரு வயதில் மறுபடி லண்டனுக்கு அகதியாக வந்தவர். அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தபோது சுற்றிலும் கேட்டது ஹிப்ஹாப்பும் டான்ஸ்ஹாலும். கடன் வாங்கிய ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரு பெட்டியில் பாட்டு கட்டினார். 2003இல் 500 ரெக்கார்டு மட்டும் அச்சடித்த 'கலாங்' என்ற பாட்டின் தலைப்பே ஜமைக்காப் பேச்சுமொழிதான். 2005இல் 'அருளர்' என்று அப்பாவின் இயக்கப் பெயரில் ஒரு ஆல்பம்; 2007இல் அம்மா பெயரில் 'கலா'.

'கலா'வை அமெரிக்காவில் செய்வதாக இருந்தது. விசா கிடைக்கவில்லை. அவர் ஊர் ஊராகச் சுற்றினார், சென்னைக்கும் வந்தார். இங்கே உறுமியும் மேளமும் வாசிக்கிறவர்களை வைத்துப் பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டிலும் அந்த அடி அப்படியே கேட்கும். உறுமியின் தோலில் குச்சியைத் தேய்த்து இழுக்கும் அந்த முனகல், எந்தக் கீபோர்டு பட்டனிலும் அன்றைக்குக் கிடையாது. பிறகு 'பாய்ஸ்' பாட்டுக்கு வீடியோ எடுக்கக் கிங்ஸ்டன் போனார்; அங்குள்ள டான்ஸ்ஹால் ஆட்டக்காரர்களை ஆடவைத்தார். சென்னை மேளத்துக்கு ஜமைக்காப் பையன்கள் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஆடுகிறார்கள். பார்த்தால் நம்ம ஊர் சாவு வீட்டில் ஆடுகிறவர்களுக்கும் அவர்களுக்கும் தோள்பட்டை அசைவில் உறவு தெரியும். 'ஃப்யூஷன்' என்று மேடையில் அறிவித்துவிட்டுச் செய்கிற எந்த முயற்சியும் இந்த மூன்றரை நிமிடத்துக்குப் பக்கத்தில் வராது என்பது என் கட்சி. அதே ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது.

ரிட்டிம் பயணத்தின் அடுத்த கிளை ஸ்பானிஷ் பக்கம் போனது. ஸ்டீலி, கிளீவி என்று இரண்டு ஜமைக்காக்காரர்கள் 1989இல் 'ஃபிஷ் மார்க்கெட்' என்ற ரிட்டிமைச் செய்தார்கள். 1990இல் ஷாபா ராங்க்ஸின் 'டெம் போ' அதே தாளக்கட்டில் வந்தது. பனாமா கால்வாய் வேலைக்குப் போன ஜமைக்காக்காரர்களின் வாரிசுகள் பனாமாவில் அதை ஸ்பானிஷில் பாடினார்கள். போர்ட்டோ ரிக்கோ அதை எடுத்து ரெகேடோன் ஆக்கியது. தாளத்தின் பெயரே 'டெம்போ' என்று நின்றுவிட்டது. தம்பி கேட்ட 'டெஸ்பசிட்டோ' அந்த வம்சம்.

2015, 2016இல் இன்னொரு அலை. ஜஸ்டின் பீபரின் 'சாரி', ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்த ரிஹானாவின் 'வொர்க்', டிரேக்கின் 'ஒன் டான்ஸ்'. ரிஹானா பார்படாஸ்காரர், அவருக்கு இது பக்கத்து வீட்டுச் சங்கதி. மற்றவர்கள் செய்ததை இசைப் பத்திரிகைகள் 'டிராபிகல்' என்று அழைத்தன. ஏதோ தென்னை மரத்தில் காய்த்தது போல! ஷான் பால் உட்படப் பலர் இதைப் பற்றிக் கசப்பாகப் பேசினார்கள்: எடுத்துக்கொள்ளுங்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

குரலையும் தாளத்தையும் பிரித்ததால்தான் டான்ஸ்ஹால் உலகம் முழுக்கப் போக முடிந்தது. அதே பிரிவினால்தான் செய்தவன் பெயர் வழியில் உதிர்கிறது. பாடுகிறவர் முகம் போஸ்டரில் இருக்கும்; தாளத்துக்கு முகம் கிடையாது. நமக்கும் இது தெரிந்த கதை. 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் பரவியபோது, பிரெஞ்சு டிஜே ஸ்னேக் செய்த ரீமிக்ஸிலும் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்திலும் பாட்டை எழுதிப் பாடிய அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. இந்த டிஜே ஸ்னேக், டான்ஸ்ஹாலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த மேஜர் லேசர் குழுவோடு சேர்ந்து 2015இல் 'லீன் ஆன்' தந்தவர். அதன் வீடியோ இந்தியாவில்தான் எடுக்கப்பட்டது.

"அப்ப தாளத்துக்கு ஓனர்னு யாராச்சும் இருக்க முடியுமாண்ணே?"

அதைத்தான் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறார்கள். ஸ்டீலி 2009இல் இறந்துவிட்டார். கிளீவியும் ஸ்டீலியின் வாரிசுத் தரப்பும் 2021இல் வழக்குப் போட்டார்கள்: 'ஃபிஷ் மார்க்கெட்' தாளம் எங்களுடையது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரெகேடோன் பாட்டுகள் அதில் நிற்கின்றன என்று. எதிர்த்தரப்பில் 'டெஸ்பசிட்டோ' பாடிய லூயிஸ் ஃபோன்ஸி, டேடி யாங்கி, பேட் பன்னி என்று நூற்றுக்கு மேற்பட்டவர்கள். தாளம் பொதுச் சொத்து, அதற்குக் காப்பிரைட் கிடையாது என்பது அவர்கள் வாதம். 2024இல் நீதிபதி, எடுத்த எடுப்பிலேயே வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தார்.

என்னைக் கேட்டால், மூன்று மூன்று இரண்டு யாருடையதும் இல்லை. அதற்கு வேலி போடுவது கேடு. நாளைக்கு நம் பறைத் தாளத்துக்கும் ஒருவன் பட்டா வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். ஆனால் ஸ்டீலியும் கிளீவியும் ஒரு குறிப்பிட்ட டிரம் சத்தத்தை, குறிப்பிட்ட பேஸோடு, குறிப்பிட்ட இடைவெளியில் வைத்துக் கட்டியது உழைப்பு. அந்தக் கட்டுமானத்தை அப்படியே தூக்கியவர் கூலி கொடுக்க வேண்டும். கோடு எங்கே விழும் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். ஷிஃப்ட் முடிந்து ரூமுக்குப் போகும்போது 'கெட் பிஸி', 'நோ லெட்டிங் கோ', 'நெவர் லீவ் யூ' மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பாடுகிறவரை விட்டுவிட்டுக் கைதட்டலை மட்டும் பின்தொடருங்கள். அதன் பிறகு 'பாய்ஸ்'. போனில் பாட்டின் பெயருக்குக் கீழே 'கிரெடிட்ஸ்' என்று ஒன்று இருக்கும், அதைத் திறந்து தாளம் செய்தவர் பெயரைப் பாருங்கள்.